தேய்த்த தோலும் டிஜேயின் தாளமும்

பாகாயத்திலிருந்து ஆம்பூர் வரைக்கும் தோலைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. உண்ணி கடித்த இடம், முள் கிழித்தது, சாட்டைத் தழும்பு எல்லாமே தரம் பிரிக்கிறவர் கண்ணுக்குக் குறை. அந்தத் தோலின் மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, வண்ணம் பூசி, சூடான தகட்டால் அழுத்தி, ‘இயற்கையான’ மயிர்க்கால் அச்சொன்றைப் பதிப்பார்கள். மாட்டின் வரலாறு அழிந்து மாட்டின் பிரதி வந்துவிடுகிறது.

டிஜே இசையில் துல்லியம் வேண்டுமா, மனிதப் பிசகு வேண்டுமா என்கிற விவாதத்தை இந்தத் தோலிலிருந்தே தொடங்கலாம். இரண்டு பாட்டின் தாளத்தைக் காதால் கேட்டு, வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்து ஒட்டவைப்பது டிஜேயின் அடிப்படை வேலை. ‘சிங்க்’ பொத்தான் அதை நொடியில் முடிக்கிறது. இசை மென்பொருள்களில் ‘ஹியூமனைஸ்’ என்றொரு வசதியும் உண்டு: நேராக்கிய அடிகளைக் கொஞ்சம் முன்பின்னாகச் சிதறடித்துத் தரும். தேய்த்துவிட்டு அச்சுப் பதிக்கிற அதே வேலைதான்.

உடனே ‘பிசகே மனிதம்’ என்று நம் ஆட்கள் கொடி பிடிக்க வேண்டாம். 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்கிற கறுப்பின இளைஞர் இசைத்தட்டில் கிரேயானால் குறி போட்டு, ஒரே தாளத்துண்டை இடறாமல் திரும்பத் திரும்ப ஓட்டினார். துல்லியம் அங்கே ஏழைகளின் கண்டுபிடிப்பு. பறைக்காரரிடம் போய் ‘கொஞ்சம் கரடுமுரடா அடிங்க, அதான் அசல்’ என்று கேட்கிற பண்பாட்டு ஆர்வலரை (நாமும்தான்) என்ன சொல்ல? அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிசகினால் குழுவிலேயே ஏச்சு விழும்.

தோல் கட்டிய பறை அடிக்க அடிக்கத் தொய்யும். நெருப்பில் காய்ச்சித்தான் குரலை மீட்க வேண்டும். ஃபைபர் பறைக்கு அந்தப் பாடு இல்லை, மழையிலும் ஒரே குரல். இரவெல்லாம் நின்று அடிக்கிறவருக்கு அது நிம்மதி. குறைசொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ஆடுகிறவர் காலைப் பார்த்து அடிக்கிறவர் வேகத்தை ஏற்றுகிறாரே, அது பிசகா? கணினியில் போட்டுப் பார்த்தால் தாளம் நகர்ந்துவிட்டதாகத்தான் காட்டும். ஆடுகிறவருக்கோ அது பதில்.

சிங்க் பொத்தான் இரண்டு பாட்டைப் பொருத்தும்; எதிரே ஒருத்தர் மூச்சு வாங்குவது அதற்குத் தெரியாது. அதை அழுத்திவிட்டு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்கிற டிஜேவும் இருக்கிறார். காதாலேயே பொருத்துவேன் என்று குனிந்த தலை நிமிராமல், கலைந்துபோன கூட்டத்துக்கு வாசித்துக்கொண்டிருக்கிறவரும் இருக்கிறார்.