கைக்கேற்ற கருவி

நோயாளர் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் நாளோடு சிகிச்சை முற்றுப்பெறுவதில்லை. அவர் மறுபடியும் மண்வெட்டியைப் பிடித்தாக வேண்டும்; அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கியாக வேண்டும். அவ்வேலை அவருடைய உடலுக்கு ஏற்றதாக அமைந்துள்ளதா என்று ஆராய்ந்து, இல்லாவிடில் கருவியையோ வேலை முறையையோ மாற்றித் தருவது தொழில்வழிச் சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாகும். வேலைக்கும் உடலுக்கும் உள்ள இயைபை ஆராயும் துறைக்கு எர்கனாமிக்ஸ் என்பது பெயர். இந்தியாவில் தொழில்வழிச் சிகிச்சை கற்பிக்கும் முதற்பள்ளி 1950-ஆம் ஆண்டில் பம்பாயில் கமலா நிம்ப்கர் அம்மையாரின் முயற்சியால் தோன்றியது.

வேலூரில் கண்ட உண்மை

சித்தூருக்குத் தெற்கே அணித்தாக உள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் பணியேற்றார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையினால் நிமிர்த்தும் முறையை அவர் உருவாக்கினார். அவ்வாறு கை சீர்பெற்றோர் தங்கித் தொழில் பயில்வதற்காக நவஜீவ நிலையம் ஏற்பட்டது. அங்கே மரவேலை கற்றுத் தரப்பட்டது. ஆயினும் சீராக்கப்பட்ட கைகளிலேயே மீண்டும் புண்கள் தோன்றின.

நோயே சதையை அழுகச் செய்கிறது என்பது அந்நாளில் பலரும் கொண்டிருந்த எண்ணம். ஒருமுறை டாக்டர் பிராண்ட் திறக்க இயலாத துருப்பிடித்த பூட்டைச் சிறுவன் ஒருவன் எளிதில் திறந்துவிட்டான். பார்த்தபோது, சாவி அழுந்திய அவன் விரலில் எலும்பு வரை வெட்டுண்டு இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவனோ அதனை அறியவே இல்லை. இதன் பின்னர் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடப்பட்டது. சூடான பாத்திரம், பிளவுபட்ட கைப்பிடி, அளவுக்கு மீறிய இறுக்கம் ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருந்தன. வலியென்னும் காவலை இழந்த கையைக் கருவிகளே சிதைத்து வந்தன.

அழுத்தத்தின் கணக்கு

உணர்ச்சியுள்ள கை, பொருள் நழுவாத அளவுக்குச் சற்றே கூடுதலாக மட்டும் இறுக்கும். உணர்ச்சியற்ற கைக்கு அந்த அளவு தெரியாது. ஆகவே வேண்டியதைக் காட்டிலும் பன்மடங்கு இறுக்கும். அல்னார் நரம்பு பழுதுற்று விரல்கள் வளைந்துவிட்டாலோ, முழு விரலும் தாங்க வேண்டிய சுமை விரல் நுனிகளின் மேல் விழும்.

விசையைப் பரப்பினால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். பூட்டுச் சாவியையே எடுத்துக்கொள்வோம். சாவியின் தலையில் மரப்பிடி பொருத்தி, விரல் படும் இடத்தை அச்சிலிருந்து நான்கு மடங்கு தொலைவுக்குக் கொண்டு சென்றால் தேவையான விசை நான்கில் ஒன்றாகும். விரல் படியும் பரப்பும் இரு மடங்கானால் அழுத்தம் எட்டில் ஒன்றாகக் குறையும். ஒரு சிறு மரத்துண்டு ஒரு விரலைக் காக்கக் கூடும்.

ஆய்வு செய்யும் முறை

1. நோயாளரின் கண்களை மூடச் செய்து, உள்ளங்கையையும் விரல்களையும் மெல்லத் தொட்டு, உணர்ச்சியற்ற இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. சுண்டுவிரலை விலக்கவும் கட்டைவிரலை நிமிர்த்தவும் அவரால் இயலுகிறதா என்று பார்க்க வேண்டும்.

3. அவர் வேலை செய்யும் இடத்திற்கே சென்று, கருவியை எவ்வாறு பிடிக்கிறார், எவ்வளவு நேரம் ஓய்வின்றிப் பிடிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

4. வேலை முடிந்தவுடன் கையைச் சோதிக்க வேண்டும். சிறிது நேரத்தில் மறையாத சிவப்பும், அவ்விடத்தில் மட்டும் காணும் வெப்பமும் வரப்போகும் புண்ணின் முன்னறிவிப்புகள்.

5. கருவியை மாற்றிய பின் மீண்டும் சோதிக்க வேண்டும். சிவப்பு குறையவில்லையெனில் மாற்றம் போதவில்லை என்றே பொருள்.

நம் பகுதியில்

சித்தூர் மாவட்டத்திலும், 2022-இல் தனி மாவட்டமான திருப்பதியிலும் கரும்பும் நிலக்கடலையும் பயிராகின்றன. களைக்கொத்து, அரிவாள் ஆகியவற்றின் பிடியை வழவழப்பாக்கித் துணி சுற்றிப் பருமனாக்கலாம். வெல்லம் காய்ச்சும் இடத்தில் நீண்ட மரப்பிடியுள்ள துடுப்பே தக்கது. காபித் தம்ளரை மடித்த துணியால் பிடிக்கும் வழக்கத்தைப் புகட்டலாம். கை கால் ஊனமுற்றோர்க்கு அறுவையும் மறுவாழ்வும் அளிக்கத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985-இல் தொடங்கிய பர்ட் மருத்துவமனை திருப்பதியில் உள்ளது.

உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோய்க் கிருமிகளை ஒழிக்கிறது. அரசு நிலையங்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் நெடுங்காலம் பழுதுற்றிருந்த நரம்பை அம்மருந்து மீட்டுத் தருவதில்லை. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்க்கும் இக்கட்டுரையின் நெறி பொருந்தும். அவர்க்குக் கருவி என்பது காலணியே.

ஆசிரியர்கள், உணர்ச்சியற்ற தேமல் காணும் மாணவரை வகுப்பிலிருந்து விலக்காது ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். விரல் வலுவற்ற மாணவர்க்குப் பென்சிலில் துணி சுற்றித் தரலாம். களப்பணியாளர், மருந்து கொடுத்துத் திரும்புமுன் ஒருமுறை அவர் கையைப் பார்ப்பாராக; பின்னர் அக்கை நாள்தோறும் பிடிக்கும் கருவியையும் பார்ப்பாராக.