உடம்பும் உழைப்பும் – 11: கருப்பட்டிக் கணக்கு

நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் நாங்குநேரிப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் ‘கருப்பட்டி காபி’ பலகை படாமல் இருக்காது. சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறிவிட்டால் உடம்பைப் பேணத் தொடங்கியாயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். ‘சுகர் இருந்தாலும் குடிக்கலாம், இயற்கைதானே’ என்ற பேச்சு வேறு. இயற்கை உணவு என்றதும் நெல்லைக்காரர்களுக்கு நினைவுக்கு வரும் சிவசைலம் ஆசிரமத்தில், தேங்காயும் பழமுமாகச் சமைக்காமல் உண்ணும் முறையில், நாக்கைக் கட்டவாவது பழக வேண்டும். கடைத்தெருவின் இயற்கை உணவுக்கு அந்தச் சிரமமும் கிடையாது. கருப்பட்டியில் இரும்பும் வேறு சில தாதுக்களும் கொஞ்சம் இருப்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். நூறு கிராமுக்கு ஏறத்தாழ 380 கலோரி. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேலையில் அது சீனிக்கு இளைத்ததில்லை.

அப்படியானால் கருப்பட்டியிலேயே வளர்ந்த பழைய ஆட்களுக்கு ஏன் தொந்தி விழவில்லை? அதற்கு விடை பனைமரத்தின் உச்சியில் இருக்கிறது. பாளையைக் காலையும் மாலையும் சீவினால்தான் பதநீர் ஊறும்; சீவுவதை விட்டால் ஊற்று நின்றுவிடும். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து முதல் அடி எடுத்துவைத்து, கால்களில் தளைநாரை மாட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்து உந்தி உந்தி ஏற வேண்டும். மேலே போய்ப் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கினால் அடுத்த மரம் காத்திருக்கும். நெஞ்சிலும் முன்கையிலும் காய்ப்பு ஏறிய தோலை வைத்தே பனையேறியை அடையாளம் சொல்லிவிடலாம். நாங்குநேரிக்குத் தென்கிழக்கே இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல், பனையேறிகள் முப்பது முதல் ஐம்பது மரம் வரை ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை ஏறி இறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். குறைத்தே கணக்குப் போடுவோம். 40 மரம், மரத்துக்கு 50 அடி, இரண்டு வேளை என்றால் நாளுக்கு 4,000 அடி ஏற்றம். அகத்தியமலையின் உயரமே 6,129 அடிதான். அதில் மூன்றில் இரண்டு பங்கை, பங்குனி சித்திரை வெயிலில், மாதக்கணக்கில் தினமும் ஏறியிருக்கிறார்கள். 60 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்க, ஏறுவதற்கு மட்டுமே ஏறத்தாழ 800 கலோரி செலவாகும். இருநூறு கிராம் கருப்பட்டி அதில் கரைந்துவிடும். சாலையோரத்தில் கருப்பட்டி காபி குடிப்பவர் ஏறியதோ, காரிலிருந்து இறங்கிக் கடைப்படி இரண்டு. பழைய உணவு பழைய உழைப்பின் மறுபாதி. ஒரு பாதியைக் கைவிட்டுவிட்டு மறுபாதியை மட்டும் கடையில் வாங்கிவிட முடியாது என்பதே என் வாதம்.

ஏறி இறங்குவதற்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். ஒரே நிர்வாகம், ஏறக்குறைய ஒரே வசதியுள்ள குடும்பங்கள். ஆனாலும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்றும், வந்தாலும் பிந்தி வருகிறது, உயிரைக் குடிப்பதும் குறைவு என்றும் 1953-இல் மாரிஸ் வெளியிட்டார். குண்டானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சிலர் மறுத்தார்கள். நியாயமான மறுப்புத்தான். மாரிஸ் விடவில்லை; சீருடை தைத்த அளவுக் கணக்குகளையே தேடி எடுத்தார். ஓட்டுநர்களின் இடுப்பு இளம் வயதிலேயே பெரிது என்பது 1956-இல் தெரிந்தது. மறுத்தவர்கள் பாதி வென்றார்கள். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்ட பிறகும் நடத்துநர்களே தப்பினார்கள். பழைய முறையிலேயே வாழும் கனடாவின் அமிஷ் விவசாயிகளை 2004-இல் ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. இறைச்சி, உருளைக்கிழங்கு, இனிப்புப் பண்டம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடும் அந்த ஆண்கள் ஒரு நாளில் சராசரியாக 18,425 காலடி எடுத்துவைத்தார்கள். ஆராய்ந்த ஆண்களில் உடல் பருமன் உள்ளவர் ஒருவர்கூட இல்லை.

இங்கே உணவுக் கட்சிக்காரர்கள் குன்னூர் எலிகளைக் கொண்டுவந்து நிறுத்தலாம். 1920-களில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்ற பஞ்சாப் எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியை நம்பிய சென்னை மாகாண எலிகள் நோஞ்சானாகக் கிடந்தன. உழைப்பில் வேறுபாடு இல்லை, உணவுதானே காரணம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தவிடு போக்கிய அரிசிச் சோறும் கொஞ்சம் குழம்பும் மட்டும் அன்றும் போதவில்லை, இன்றும் போதாது. பயறு, கீரை, மீன், முட்டை, தீட்டாத தானியம் ஆகியவற்றுக்கு மாற்றில்லை. ஆனால் அந்த எலிகளின் நோய் பற்றாக்குறை. இன்று தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. இது மிஞ்சியதால் வந்த நோய். அதே ஆய்வின் முந்தைய கட்டத்தில், ஆராயப்பட்டவர்களில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 2014-இல் தெரிந்தது.

இதைவிடக் கடினமான மறுப்பு தான்சானியாவிலிருந்து வருகிறது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வாழும் ஹட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழு 2012-இல் அளந்தது. உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்தால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்தக் கலோரி அமெரிக்க நகரத்தாரின் செலவைவிட அதிகமில்லை! மேலே போட்ட பனைமரக் கணக்கையே இது இடிக்கிறது. உடம்பு உழைப்புக்குக் கொடுத்ததை வேறு எங்கோ சிக்கனம் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்கிறது போலும். அமிஷ் ஆய்வோடு இதை எப்படிப் பொருத்துவது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்குப் படுவது இது: ஜிம்மில் வியர்த்துவிட்டு வந்து ‘இன்னொரு பரோட்டா வைங்க அண்ணாச்சி’ என்பவருக்குத் தொந்தி கரையாது. எடை இலையில்தான் குறைய வேண்டும். உழைப்பு செய்யும் வேலை வேறு. வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இதயமும் எலும்பும் உரம் பெறும். ஹட்ஸாக்கள் தேன் தின்னாமல் இல்லை. ஆனால் அவர்களில் உட்கார்ந்தே நாளைக் கழிப்பவர் யார்?

பழங்கால வாழ்க்கைக்கே திரும்புவோம் என்று இதை யாரும் படித்துவிட வேண்டாம். 1940-களில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதளவில்தான் இருந்தது. பிள்ளைச் சாவும் காலராவும் மலேரியாவும் பசியும் அதற்குக் காரணம், கம்பும் கேப்பையும் அவற்றைத் தடுக்கவில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர்கள் எத்தனையோ பேர். தாத்தாவின் திடகாத்திரத்தைப் பாடும் கட்டுரைகளில் இவர்களுக்கு இடமிருப்பதில்லை. நமக்கு வேண்டியது பனையேற்றத்தின் வாதை அல்ல, அதன் மூச்சிரைப்பு மட்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. நாங்குநேரிப் பெரியகுளத்துக் கரையில் விறுவிறுவென்று நடப்பதும், சைக்கிளை மிதிப்பதும், தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். பேசிக்கொண்டே உலாத்துவது சேராது.

நாற்பதைத் தாண்டியவர்கள் எடுத்த எடுப்பில் ஓடத் தொடங்க வேண்டாம். முதலில் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள். காசு வாங்க மாட்டார்கள். இரண்டு வாரம் நடந்து பழகிவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயிற்சியைக் கடுமையாக்கக் கூடாது. அவர்கள் காபியில் கருப்பட்டியும் வேண்டாம்.