பொன் வயிற்று ஈக்குப் பெயர் கிடைத்தது எப்படி?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஆதர்டன் மேட்டுநிலத்தில் 1981-இல் பிடிபட்ட ஒரு குதிரை ஈக்கு 2011-இல்தான் பெயர் கிடைத்தது. ஏன் இத்தனை தாமதம்? உலகில் 4,000-க்கும் மேற்பட்ட குதிரை ஈ இனங்கள் உண்டு. ஒன்றைப் புதிது என்று சொல்ல, அதன் நெருங்கிய உறவினங்களோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். அதற்குத் தேர்ந்த கண்கள் மிகக் குறைவு.

அந்தக் கண்கள் முதலில் தேடுவதும் ஈயின் கண்களைத்தான். இரண்டும் நெற்றியில் ஒட்டியிருந்தால் ஆண். இடைவெளி இருந்தால் பெண். பிறகு உணர்கொம்பு, இறக்கை நரம்புகள், உடல் ரோமம். இந்த ஈயைத் தனித்துக் காட்டியது வயிற்றில் அடர்ந்த பொன்னிற ரோமம். எவ்வளவு அழகு! பூச்சியியலாளர்கள் பிரையன் லெஸ்ஸார்டும் டேவிட் யேட்ஸும் அதை விவரித்து, பாடகி பியான்சேயின் பெயரைச் சூட்டினார்கள். 1981 அவர் பிறந்த ஆண்டும்கூட.

இந்த ஈயைப் போலவே பழைய பெட்டிகளில் பெயரின்றிக் கிடக்கும் பூச்சிகளைப் பாதுகாக்கும் அருங்காட்சியகங்களுக்கு அரசுகள் தாராளமாக நிதி தர வேண்டும்.