டவர் சாய்ந்தாலும் பேசலாம்... ஹாம் ரேடியோவில் பகலுக்கு ஒரு அலைவரிசை, இரவுக்கு ஒன்று!

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது கஜா புயல். மின்கம்பங்களும் செல்போன் டவர்களும் சாய்ந்ததில், டெல்டாவின் பல ஊர்களைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. இதுபோன்ற நேரங்களில் கைகொடுப்பது ஹாம் ரேடியோ. ஒரு ரேடியோ செட், கார் பேட்டரி, கொஞ்சம் கம்பி இருந்தால் போதும். ஆனால், சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 300 கி.மீ தள்ளியிருக்கும் வேதாரண்யத்துடன் பேச எல்லா அலைவரிசையும் உதவாது.

எது உதவாது?

வாக்கி டாக்கி போன்ற கையடக்க செட்களின் 144 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. அவ்வளவு தூரம் எட்டாது. வெளிநாட்டினருடன் பேச உதவும் 14 மெகாஹெர்ட்ஸோ, பெரும்பாலும் வேதாரண்யத்தைத் தாண்டிப்போய் வெகுதூரத்தில்தான் இறங்கும்.

எது உதவும்?

அலையைத் தலைக்கு மேலே, கிட்டத்தட்ட செங்குத்தாக அனுப்ப வேண்டும். சில நூறு கி.மீ உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் அதைக் கீழே திருப்பிவிடும். பூவாளியில் ஊற்றும் தண்ணீர்போல, சுற்றுவட்டாரம் முழுக்க அலை விழும்.

பகலில் இதற்கு ஏற்றது 7 மெகாஹெர்ட்ஸ். அதைவிடக் குறைந்த அலைவரிசைகளை, வெயில் நேரத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அதிகமாக விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தக் கீழடுக்கு மறையும், மேலடுக்கும் வலுவிழக்கும். அப்போது 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மேலடுக்கைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடலாம். எனவே, இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸ். இடி மின்னல் காலத்தில் இதில் இரைச்சல் அதிகம் என்பதால், செய்தியைச் சுருக்கமாக, இரண்டு முறை சொல்வது நல்லது.

உயரம் வேண்டாம்!

7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி. நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைத்து, 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டினால் ஆன்டெனா தயார். 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இரு மடங்கு நீளம் வேண்டும்.

முன்பே பேசிவையுங்கள்

7-ல் குரல் அறுந்துவிட்டால், '3.5-க்கு வாருங்கள்' என்று சொல்லவும் வழியிருக்காது. ஆகவே எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசைக்கு மாறுவது என்பதைப் புயலுக்கு முன்பே இரு தரப்பும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஹாம் ரேடியோவில் பேச மத்திய அரசின் உரிமம் கட்டாயம். 12 வயது நிறைந்த யாரும் அதற்கான தேர்வை எழுதலாம். உங்கள் வீட்டுச் சுட்டிக்கு ஆர்வம் இருந்தால், அடுத்த புயலுக்குக் காத்திருக்காமல் இப்போதே படிக்கத் தொடங்கலாமே!