மலைச்சரிவில் மரத்தடி: பழனி மலைக்கு ஏற்ற டிராக்டரும் கிரேனும்

பூம்பாறையிலிருந்து மன்னவனூர், கூக்கால் வரையிலும், பேரிஜம் ஏரியைச் சுற்றியும் அடர்ந்து நிற்கும் வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோப்புகள் பழனி மலைக்குரிய இயற்கைக் காடுகள் அல்ல. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்ட இம்மரங்கள், தோல் பதனிடத் தேவைப்படும் துவர்ப்புப் பொருளுக்காகவும் மரக்கூழுக்காகவும் இருபதாம் நூற்றாண்டில் பெரும் பரப்பில் நடப்பட்டன. அவை நடப்பட்ட இடங்களில் பெரும்பகுதி, சோலைக்காடுகளைச் சூழ்ந்திருந்த மலைப்புல்வெளியாகும். மேல் பழனியின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, 1973க்கும் 2014க்கும் இடையே அப்புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு ஆண்டு முழுதும் ஊட்டிவந்த நிலம் அது என்பதால், இந்த இழப்பு மலைமேல் இருப்போரோடு நின்றுவிடாமல், அடிவாரத்தில் பாசனத்தையும் குடிநீரையும் நம்பியிருப்போரையும் தொடுகிறது.

2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதும், 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டதும், அந்நிய மரங்களை வெட்டி அகற்றும் பணியை ஏட்டளவிலிருந்து நிலத்துக்குக் கொண்டுவந்தன. முதுமலையில் மஞ்சள் கொன்றை மரங்களை அகற்றும் பணியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் ஈடுபட்டது போல, அகற்றப்படும் மரத்துக்குக் காகித ஆலைகள் வாங்குவோராக அமையவும் முடியும். ஆயினும் வெட்டிய மரத்தைச் சரிவிலிருந்து சாலைக்குக் கொண்டுவருவது எப்படி, எந்தப் பொறியால் என்ற கேள்விக்கு உரிய கவனம் கிடைத்ததில்லை. அந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே மரம் போன இடத்தில் புல் திரும்புமா, வாட்டிலே மீண்டும் முளைக்குமா என்பது பெருமளவு தீர்மானமாகிறது.

வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கிக் கிடக்கக்கூடியது. தீயின் வெப்பமும் மண் கிளறப்படுவதுமே அதை எழுப்புகின்றன. டிராக்டரின் பின்னால் சங்கிலி கட்டித் தடியைத் தரையோடு இழுத்துவரும் வழக்கமான முறை, ஒவ்வொரு இழுப்பிலும் மண்ணைக் கீறி அந்த விதைகளுக்கு வெளிச்சம் காட்டுகிறது; மழை வந்தால் அதே கீறல் நீரோடும் தடமாகிப் பின் பள்ளமாகிறது. பழைய தோப்புகள் பலவற்றின் நிழலில் சோலை மரங்களின் இளங்கன்றுகள் தாமாகவே எழுந்து நிற்பதைப் பழனி மலையில் காணலாம். இழுபடும் தடிக்கு முதலில் பலியாவன அவைதாம். ஆகவே இம்மலையில் காட்டுவேலைக்கான பொறியைத் தேர்வோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தடியை இழுப்பதா, தரையில் படாமல் தூக்கி வண்டியிலேற்றிச் செல்வதா என்பதாகும். நிலம் இடம் கொடுக்கும் இடங்களில் எல்லாம் தூக்கிச் செல்வதே சரி என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. அதற்கு உரிய அமைப்பு, டிராக்டரும், அதன் பின்னால் கிரேன் பொருத்திய தடி டிரெய்லரும் சேர்ந்த இணையாகும். ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் சொந்தமாகச் சிறு காடு வைத்திருக்கும் உழவர்கள் இவ்வமைப்பையே நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றனர். வயலுக்கு வாங்கிய டிராக்டரே பனிக்காலத்தில் காட்டுக்கும் உதவுவதே அதன் வசதி.

டிராக்டர் என்றதும் நம்மூரில் எழும் முதல் கேள்வி அது எத்தனை ஹெச்பி என்பதே. மலைச்சரிவில் அந்தக் கேள்வி பாதி வழிதான் கொண்டு செல்லும். எடுத்துக்காட்டாக, 2.2 டன் எடையுள்ள நான்கு சக்கர இயக்க டிராக்டர், கிரேனோடு சேர்த்து 1.5 டன் எடையுள்ள டிரெய்லரில் 3 டன் மரத்தை ஏற்றிக்கொண்டு, நூறு மீட்டருக்கு பதினைந்து மீட்டர் உயரும் ஈர மண் சரிவில் ஏற முயல்வதாகக் கொள்ளலாம். மொத்த எடை 6.7 டன். சரிவின் பின்னிழுப்பும், இளகிய மண்ணில் சக்கரங்கள் உருளும்போது ஏற்படும் தடையும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை டன் இழுவிசையைக் கேட்கும். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழுவையைத் தர 17 ஹெச்பி போதும். எந்த நடுத்தர டிராக்டரிலும் அது உண்டு. ஆனால் ஈர மண்ணில் சக்கரத்தின் பிடிப்பு, அதன்மேல் அமரும் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவே கிடைக்கும் என்று கொண்டால், டிரெய்லரின் முன்பக்கம் ஹூக்கின்மேல் தரும் அழுத்தத்தையும் சேர்த்து, டிராக்டரால் தரைக்குக் கடத்த முடிந்த விசை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். எஞ்சின் முழுவலிமையோடு உறுமினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைத் தோண்டும்.

வெற்று டிரெய்லரோடு அதே சரிவில் ஏறுவதற்கு வேண்டியது 0.85 டன் மட்டுமே என்பதால் டிராக்டர் ஏறிவிடும். இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி, காலியாக ஏறி, சுமையோடு இறங்கும்படி, மரம் எடுத்துச்செல்லும் காட்டுப்பாதையான கூப்பு ரோட்டை அமைக்க வேண்டும் என்பதே. நிலத்தின் அமைப்பு அதற்கு இடம் தராவிட்டால், டிரெய்லரின் சக்கரங்களும் இயங்கும் வகையில் செய்யப்பட்ட வண்டி தேவைப்படும். வெளிநாடுகளில் அது கிடைக்கிறது, விலையும் அதிகம். இரு சக்கர இயக்க டிராக்டரைச் சமதளத் தோப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சரிவுக்கு நான்கு சக்கர இயக்கத்தையே குறைந்தபட்சத் தகுதியாகக் கொள்ள வேண்டும்.

இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்தானது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், நான்கரை டன் சுமை பின்னாலிருந்து இரண்டு டன் டிராக்டரைத் தள்ளும். வளைவில் அந்தத் தள்ளல் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிக் கவிழ்த்துவிடும். சமவெளியில் செங்கலும் மணலும் ஏற்றும் டிரெய்லர் பெட்டிகள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. அந்தப் பெட்டியை மலைக்கு ஏற்றுவது உயிரோடு விளையாடுவதற்கு ஒப்பாகும். டிராக்டரின் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. உழவில் குறுகத் திரும்புவதற்கு உதவும் இந்த ஏற்பாடு, இறக்கத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டியைச் சுழற்றிவிடும். இரண்டையும் இணைக்கும் சிறிய கொக்கி ஒன்று பெடல்களுக்கிடையே இருக்கிறது; வயலில் கழற்றி விட்டது மலையிலும் கழன்றபடியே கிடப்பதுண்டு. சரிவில் இறங்கத் தொடங்குமுன் அந்தக் கொக்கி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், ஏற்றத்துக்குத் தேவைப்பட்ட கியரிலேயே இறங்குவதும் ஓட்டுநரின் வழக்கமாக வேண்டும்.

மலையின் உயரமும் கணக்கில் சேர வேண்டும். கொடைக்கானல் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ எனப்படும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி இல்லாத டீசல் எஞ்சின், நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு வீதம் வலிமை இழக்கும். அடிவாரத்து வத்தலகுண்டில் 45 ஹெச்பி தரும் எஞ்சின் மேலே 36 ஹெச்பிக்கு அருகில்தான் தரும். முன் சொன்ன கணக்கின்படி அதுவே போதும் என்றாலும், கிரேனின் ஆயில் பம்பையும் இதே எஞ்சின்தான் சுழற்ற வேண்டியிருப்பதால், 25 ஹெச்பிக்குட்பட்ட சிறு டிராக்டர்கள் இவ்வேலைக்குப் போதாதவையாகிவிடும். பழத்தோட்டங்களுக்கென விற்கப்படும் அத்தகைய டிராக்டர்கள் எடையும் குறைந்தவை. பிடிப்பும் பிரேக்கும் எடையைப் பொறுத்தவை என்பது அவற்றுக்கு எதிரான வலுவான காரணம். 45 முதல் 50 ஹெச்பி வரையுள்ள, இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்ட டிராக்டரே இம்மலைக்குப் பொருத்தமானது. அதைவிடப் பெரியது குறுகலான கூப்பு ரோட்டில் திரும்பத் திணறும்.

கிரேனைத் தேர்வதில் அடிப்படையானது தூக்குதிருப்பம் என்னும் அளவு. தூக்கும் எடையை, கிரேனின் அடித்தூணிலிருந்து அந்த எடை இருக்கும் தொலைவால் பெருக்கினால் அது கிடைக்கும்; டன்-மீட்டர் என்று குறிப்பர். இரண்டு டன்-மீட்டர் திறனுள்ள கிரேன், நான்கு மீட்டர் தொலைவில் 500 கிலோவைத் தூக்கும். ஆறு மீட்டருக்குக் கையை நீட்டினால் 330 கிலோவுக்கு மேல் தூக்காது. கையின் சொந்த எடையையும் கழித்தால் இன்னும் குறையும். விற்பவர் சொல்லும் டன் கணக்கு பெரும்பாலும் கை மடங்கியிருக்கும் நிலையைக் குறித்தது. முழு நீட்டத்தில் எவ்வளவு என்று கேட்டு வாங்குவதே விவரம் தெரிந்தோர் செய்வது.

தடியின் எடையை மனத்தில் கொள்ள எளிய வழி உண்டு. பச்சையான வாட்டில், யூகலிப்டஸ் தடியின் எடை ஒரு கன மீட்டருக்கு ஒரு டன்னை ஒட்டியிருக்கும். முப்பது சென்டிமீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள தடி 210 கிலோ. விட்டம் நாற்பதானால் 375 கிலோ. அறுபதானால் 850 கிலோ. விட்டம் இரண்டு மடங்காகும்போது எடை நான்கு மடங்காகிறது. முதிர்ந்த யூகலிப்டஸின் அடித்தடியைக் கண்டு பெரிய கிரேன் வாங்க நினைப்பது இயல்பு. பெரிய கிரேனுக்குப் பெரிய டிரெய்லரும் பெரிய டிராக்டரும் வேண்டியிருப்பதால், செலவும் மண்ணின்மேல் விழும் பாரமும் ஒருங்கே கூடும். காகிதக் கூழுக்குப் போகும் மரத்துக்கு நீளம் தேவையில்லை என்பதால், தடித்த மரத்தை இரண்டு மீட்டராக அறுத்து, கிரேனின் கைக்கு அருகில் வைத்துத் தூக்குவதே மேல். பட்டை உரித்துச் சில வாரம் காயவிட்டால் எடை மேலும் குறையும். ஆகவே ஆறு மீட்டர் எட்டும், இரண்டிலிருந்து மூன்று டன்-மீட்டர் திறனுள்ள கிரேன் இம்மலைக்குப் பொருந்தும். சாலையோரத்தில் நிற்கும் லாரியின் மறுபக்கம் வரை தடியை அடுக்க அந்த எட்டம் தேவைப்படும்.

கிரேனை இயக்குவது அழுத்தத்தில் பாயும் ஆயில். வயல் டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக், கலப்பையை ஏற்றி இறக்குவதற்கென அமைந்தது. கிரேனின் கை, கவ்வி, கவ்வியைச் சுழற்றும் ரோட்டேட்டர் ஆகியவற்றை ஒரே நேரத்தில் இயக்கும் அளவுக்கு அதில் ஆயில் ஓட்டம் இருப்பதில்லை. அதோடு இணைத்தால் கை தயங்கித் தயங்கி நகரும், ஆயிலும் சூடேறும். டிராக்டரின் பின்புறத்தில் நிமிடத்துக்கு 540 முறை சுழலும் பி.டி.ஓ. என்ற தண்டில் தனிப் பம்பை மாட்டி, டிரெய்லரிலேயே தனி ஆயில் டேங்கும் வைப்பது சரியான ஏற்பாடு. நிமிடத்துக்கு 35 லிட்டர் ஆயிலை 180 பார் அழுத்தத்தில் தள்ள, இழப்புகளையும் சேர்த்து 17 ஹெச்பி செலவாகும். தூக்கும்போது வண்டி நிற்கும் என்பதால் இழுப்பு, தூக்கு ஆகிய இரு தேவைகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

கிரேனை டிராக்டரின் பின்கொக்கியில் மாட்டுவது மலிவான வழி. ஆனால் கனமான தடியைத் தூக்கும்போது முன்சக்கரங்கள் தரையில் பிடிப்பிழந்து, ஸ்டியரிங் பிடிக்காமல் போகும். டிரெய்லரின் முன்பகுதியில் தூண் அமைந்து, இருபுறமும் தரையில் ஊன்றும் கால்களைக் கொண்ட கிரேனே சரிவுக்குப் பாதுகாப்பானது. ஊன்றுகால்களின் கீழ் அகலமான பலகை வைக்காமல் சோலை மண்ணில் தூக்க முயன்றால் ஒரு கால் மட்டும் புதைந்து வண்டி சாயும். சரிவின் மேற்புறத்திலிருந்து தடியை எடுக்க வேண்டுமே தவிர, கீழ்ப்புறம் கையை நீட்டித் தூக்கலாகாது. கட்டடப் பணிகளில் பரவலாகக் காணப்படும் ஹைட்ரா வகைக் கிரேன், சுமையைத் தொங்கவிட்டபடியே நகரும் இயல்புடையது; கெட்டித் தளம் போட்ட மர டிப்போவுக்கு அது போதுமானது, காட்டுக்குள் அதற்கு இடமில்லை.

சக்கரமும் மண்ணும் சந்திக்கும் இடத்தில் செலவைச் சுருக்குவது தவறு. மண்ணின்மேல் விழும் அழுத்தம் பெரும்பாலும் டயரின் காற்றழுத்தத்தை ஒட்டியது. அகலமான, காற்று குறைத்து ஓட்டத்தக்க டயர்களும், ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள் மேலும் கீழும் அசைந்து மேடுபள்ளத்தைத் தாங்கும் டிரெய்லரும் புல்வெளியைக் காக்கும். சேற்று வயலுக்கான கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரத்தை இங்கு மாட்டினால் ஒரே நாளில் புல்லின் வேர்ப்பாய் கிழிந்துபோகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் இறுகும் ஜனவரி முதல், கோடைமழை வலுக்குமுன் வரையிலான மாதங்களே வண்டி இறங்க உகந்தவை.

பழனி மலையின் பெரும்பகுதி எந்தச் சக்கர வண்டிக்கும் இடம் தராத செங்குத்துச் சரிவு. நூறு மீட்டருக்கு முப்பது மீட்டருக்கு மேல் உயரும் நிலத்தில் டிராக்டரைப் பாதையிலேயே நிறுத்தி, அதில் பொருத்திய வின்ச்சின் கம்பிக்கயிற்றால், முனையை உயர்த்திய நிலையில் தடியைப் பாதைக்குக் கொண்டுவரலாம். ஆஸ்திரியாவில் பயன்படும் அந்தரக் கம்பி அமைப்புகள் தடியை வானிலேயே கொண்டுவரும். அவற்றுக்குப் பயிற்சி பெற்ற குழு வேண்டும். ஓடையோரத்திலும் செங்குத்திலும் மரத்தை வெளியே எடுக்காமல், நின்ற நிலையிலேயே பட்டையை வளையமாக உரித்துக் காயவிட்டு விழவிடுவது பல நேரங்களில் சிறந்த தீர்வு. அங்கு மரத்தின் விலையைவிட மண்ணின் மதிப்பு கூடுதல்.

ஓட்டுநரின் பாதுகாப்பைத் தனிச் செலவாகக் கருதும் மனப்போக்கு மாற வேண்டும். வயல் வேலைக்கு விற்கப்படும் டிராக்டர்கள் பலவற்றில், வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகம் இருப்பதில்லை. காட்டுவேலைக்கு அதோடு மேலிருந்து விழும் கிளையைத் தாங்கும் கூரையும், கம்பிக்கயிறு அறுந்தால் தடுக்கும் பின்வலையும் வேண்டும். பழனி மலையில் இன்றும் தடியைத் தோளில் சுமந்து லாரியேற்றும் லோடுமேன்கள் பலர் முதுகெலும்பையே விலையாகக் கொடுத்தவர்கள். கிரேன் வந்தால் அவர்கள் வேலையிழப்பர் என்ற அச்சம் நியாயமானது. அவர்களிலிருந்தே கிரேன் இயக்குநர்களையும், வெட்டிய நிலத்தில் முளைக்கும் வாட்டில் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கும் குழுக்களையும் உருவாக்குவது மரம் அகற்றும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். சரணாலயத்துக்குள் எதையும் அகற்றுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவுக்கும் நீதிமன்ற ஆணைகளுக்கும் உட்பட்டது; தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளின் காப்பித் தோட்டங்களில் நிற்கும் மரங்களுக்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவை. ஆண்டில் சில மாதங்களே வேலை செய்யக்கூடிய, டிராக்டரும் கிரேன் டிரெய்லரும் சேர்ந்த இந்த இணையை ஒரு தனித் தோட்டக்காரர் வாங்குவது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ வாங்கி வாடகைக்கு விட்டால், தோட்டத்துச் சில்வர் ஓக்குக்கும் வனத்துறையின் வாட்டிலுக்கும் ஒரே வண்டி முறைவைத்துப் போய்வரலாம்.