விமானம் மாறும் இடைவேளையில் ஒரு நகரம்

நமது பெண்களில் பலர் முதன்முதலாக விமானம் ஏறுவது மகளின் பிரசவத்துக்காகத்தான். கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று பிள்ளைகள் பரந்து வாழ்கிறார்கள். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டவும் மகளுக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கவும் அம்மா வேண்டும். மலிவான பயணச்சீட்டாகப் பார்த்து எடுத்தால், இடையில் ஏதாவதொரு நகரத்தில் எட்டு மணி, பத்து மணி நேரம் காத்திருக்க நேரிடும்.

அந்த நேரத்தை நம்மவர்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பையை மடியில் வைத்தபடி ஒரே கதிரையில் இருப்பார்கள். தண்ணீர் குடித்தால் மலசலகூடம் தேடவேண்டி வருமே என்று தொண்டை காய்ந்தும் குடிக்கமாட்டார்கள். ஒரு தேநீரின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். கண்ணாடிக்கு வெளியே தெரியும் நகரம் தங்களுக்கும் உரியது என்ற எண்ணமே வருவதில்லை.

கடந்த வருடம் மெல்பேர்ணில் இருக்கும் மகளிடம் நான் தனியாகச் சென்றபோது சிங்கப்பூரில் பன்னிரண்டரை மணி நேர இடைவேளை கிடைத்தது. காலை ஏழரை மணிக்கு இறங்கினால் இரவு எட்டு மணிக்குத்தான் அடுத்த விமானம். "அம்மா, ஒரு இடமும் போகாதேங்கோ. கேற்றடியிலேயே இருங்கோ" என்று மகள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. ஆனாலும் கால் நன்றாக இருக்கிறது, எழுத்தும் வாசிக்கத் தெரியும். போய்ப் பார்ப்பது என்று கொழும்பிலேயே தீர்மானித்து, வழியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

வெளியே போக என்ன தேவை?

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் குறுகிய காலப் பயணமாகச் சிங்கப்பூருக்குள் நுழைய முன்கூட்டியே விசா பெறவேண்டியதில்லை. எனினும் விதிகள் மாறக்கூடியவை. பயணத்துக்கு முன் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளங்களை நம்பவேண்டாம். குடிவரவு அதிகாரியிடம் அடுத்த விமானத்தின் பயணச்சீட்டைக் காட்டக்கூடியதாகக் கையில் வைத்திருங்கள்.

பெரிய பயணப்பொதி நேரே கடைசி ஊருக்கே போய்ச் சேருமா என்று கட்டுநாயக்காவில் பொதியைக் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கைப்பை பாரமாக இருந்தால் சாங்கி விமான நிலையத்தில் கட்டணம் கட்டி வைத்துவிட்டுப் போகலாம். வெற்றிலை போடும் அம்மாமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் தடைசெய்யப்பட்ட பொருள். சூயிங்கமும் கொண்டுபோகக் கூடாது.

தனியே போகத் தயக்கமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. இடைவேளை ஐந்தரை மணி நேரத்துக்கு மேலும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்ளும் இருக்கும் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி நகரைச் சுற்றிக்காட்டும் இலவசச் சுற்றுலாவைச் சாங்கி விமான நிலையமே நடத்துகிறது. நான் ரயிலைத் தெரிவுசெய்தேன். விமான நிலையத்திலிருந்து அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீலப் பாதை ரயிலுக்கு மாறினால், சைனாடவுன், லிட்டில் இந்தியா, தாவரவியல் பூங்கா ஆகிய மூன்றும் அந்த ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வங்கி அட்டையைத் தட்டினாலே கதவு திறக்கும். ஒரு பயணத்துக்கு மூன்று வெள்ளிக்கும் குறைவு. டொலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. ரயிலில் ஒட்டியிருந்த எச்சரிக்கைகளைத் தமிழில் வாசித்தபோது பாதிப் பயம் போய்விட்டது. எழுத்துப் பிழையும் இல்லை! நமது நாட்டின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு ஆறுதல்.

சிவப்புத் தலைத்துணிப் பெண்கள்

பத்து மணியளவில் சைனாடவுனில் இறங்கினேன். அங்கே சவுத் பிரிட்ஜ் வீதியில் சில நிமிட நடைக்குள் ஒரு பள்ளிவாசல், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பௌத்த விகாரை மூன்றும் இருக்கின்றன. ஜாமிஆ பள்ளிவாசல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களால் 1826இல் அமைக்கப்பட்டது. மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுவே. புத்தரின் புனிதப்பல் விகாரை 2007இல் திறக்கப்பட்டது. பள்ளிவாசலிலும் மாரியம்மன் கோயிலிலும் ஆட்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டுப் பெண்ணொருத்திக்கு அந்த வீதியில் சும்மா நடப்பதே போதும்.

ஆனால் நான் அங்கே தேடிப்போனது சம்சுயி பெண்களின் நினைவை. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உள்ள சன்சுயி பிரதேசத்திலிருந்து கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் கூலிவேலைக்கு வந்தவர்கள் இவர்கள். 1933இல் பிரித்தானிய அரசு சீன ஆண்கள் வந்து குடியேறுவதைக் கட்டுப்படுத்தியது. பெண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு 1938 வரை இருக்கவில்லை. அந்த இடைவெளியில் பெண்கள் பெருந்தொகையாக வந்தார்கள். மண் சுமந்தார்கள், கல் சுமந்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள். தலையில் மடித்துக் கட்டிய சிவப்புத் துணிதான் அவர்களின் அடையாளம். சைனாடவுனின் நெருக்கமான அறைகளில் பலர் சேர்ந்து தங்கி, மிச்சம் பிடித்த காசை ஊருக்கு அனுப்பினார்கள். வாழ்நாள் முழுவதும் திருமணம் செய்யாமலே இருந்தவர்களும் அவர்களில் உண்டு.

அதே வீதியில் ஒரு சுவரில் சம்சுயி பெண்ணின் பெரிய ஓவியம் இருக்கிறது. வேலை முடிந்து ஓய்வாக அமர்ந்து சிகரெட் புகைக்கிறாள். 2024இல் இந்தச் சிகரெட் பெரிய விவாதமாகிவிட்டது. அதை அழிக்க வேண்டும் என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். பொதுமக்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தபின் ஓவியம் அப்படியே விடப்பட்டது. புகைத்தல் கேடுதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உழைத்த பெண்ணை நினைவுகூரும்போது அவள் நமக்குப் பிடித்த மாதிரி அடக்கமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அதுவும் யோசிக்கவேண்டிய விடயம்.

குழந்தைகள் பிறந்த பேட்டை

மதியச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா. சிராங்கூன் வீதியில் காலெடுத்து வைத்தால் மல்லிகை மணமும் சாம்பிராணிப் புகையும் முதலில் வரவேற்கும். தேக்கா சந்தையில் மீன், மரக்கறி, சேலைக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் ஒரே கட்டடத்தில். சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். பரிமாறிய பெண் "இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமாம்மா?" என்று கேட்டபோது வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

சந்தைக்கு அருகே இருந்த பழைய மகப்பேற்று வைத்தியசாலையைப் பற்றி நமது வாசகிகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். கண்டாங் கெர்பாவ் என்பது அதன் பெயர். மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். முன்பு மாடுகள் கட்டிய பேட்டை அது. 1966இல் அந்த ஒரே வைத்தியசாலையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரு வருடத்தில் ஒரே மகப்பேற்று நிலையத்தில் நிகழ்ந்த ஆகக்கூடிய பிறப்பு என்று கின்னஸ் புத்தகத்தில் அது இடம்பெற்றது. ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல்! அத்தனை பிரசவத்தையும் பார்த்த தாதியரையும் மருத்துவிச்சிகளையும் எண்ணிப் பாருங்கள். 1997இல் வைத்தியசாலை வீதிக்கு எதிர்ப்புறம் புதிய கட்டடத்துக்கு மாறியது. இன்றும் பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான பெரிய வைத்தியசாலை அதுவே.

ஒரு பூவும் இருபத்திரண்டு கன்றுகளும்

இரண்டு மணிக்குத் தாவரவியல் பூங்காவில் இருந்தேன். 1859இல் அமைந்த இப்பூங்கா 2015இல் உலக மரபுரிமைத் தலமானது. உள்ளே போகக் கட்டணமில்லை. ஒர்கிட் தோட்டத்துக்கு மட்டும் தனிக் கட்டணம்.

சிங்கப்பூரின் தேசிய மலர் ஒரு பெண்ணின் பெயரைக் கொண்டது. ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்த ஆக்னஸ் ஜோவாகிம் இரண்டு ஒர்கிட் இனங்களைக் கலந்து உருவாக்கிய அந்தப் பூவை, பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி ரிட்லி 1893இல் உலகுக்கு அறிவித்தார். 1899இல் மலர்க் கண்காட்சியில் அது முதற்பரிசு பெற்றது. அதே வருடம் ஆக்னஸ் புற்றுநோயால் இறந்தார். பின்னாளில் ஒரு கதை கிளம்பியது. அவர் எதையும் உருவாக்கவில்லை, வீட்டு மூங்கில் புதரில் தற்செயலாகக் கண்டெடுத்தார் என்று. பூவை உருவாக்கியவர் அவர்தான் என்பது 2016இல்தான் உத்தியோகபூர்வமாக ஏற்கப்பட்டது. ஒரு பெண்ணின் கைத்திறனை நம்புவதற்கு நூறு வருடத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. புல்தரையில் பாய் விரித்து, வீட்டுப் பணிப்பெண்கள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு மர நிழலில் தமிழ் கேட்டது. நம் நாட்டுத் தமிழ்.

"பிள்ளை, எந்த ஊர்?" என்றேன்.

"கேகாலைப் பக்கம் தோட்டம்ங்கம்மா. நீங்க?"

இடம் ஒதுக்கி இருக்கச் சொல்லி, டப்பாவிலிருந்த ரொட்டியில் பாதியைத் தந்தாள். வந்து எட்டு வருடமாம். இரண்டு பிள்ளைகளும் அவளுடைய தாயிடம் வளர்கிறார்கள். "ஆரம்பத்துல லீவே இல்லம்மா. லீவுக்குப் பதிலாக் காசு குடுத்துருவாங்க. இப்பதான் மாசத்துல ஒரு நாளாச்சும் கட்டாயம் விடணும்னு சட்டம்" என்றாள். உண்மைதான். வாராந்த ஓய்வுநாள் 2013இல் சட்டமானாலும், அதற்குப் பதிலாகப் பணம் கொடுக்க இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுசெய்ய முடியாது என்ற விதி 2023 ஜனவரியில்தான் வந்தது.

அவளது தாய் இறப்பர் பால் வெட்டியவர். "விடியறதுக்கு முன்னாடி எழும்பிப் போவாங்க. மழை பெஞ்சா வெட்டு இல்ல, சம்பளமும் இல்ல."

நாங்கள் இருந்த இடத்துக்கும் அவள் தாயின் கத்திக்கும் உள்ள தொடர்பை அப்போது சொன்னேன். பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதைகளில் இலண்டனில் முளைத்த கன்றுகள் 1876இல் நம் நாட்டின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தன. அடுத்த வருடம் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகவிடாமல், பட்டையைச் சாய்வாகச் சீவித் திரும்பத் திரும்பப் பாலெடுக்கும் முறையை இந்தப் பூங்காவில்தான் ரிட்லி பரிசோதித்து ஒழுங்குபடுத்தினார். அதன்பிறகே பெருந்தோட்டங்கள் பெருகின.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "அப்ப எங்க வீட்டுக் கஷ்டமெல்லாம் இங்கேருந்துதான் கெளம்புச்சா?" என்று சிரித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "எங்கம்மா என்னை ஏத்திவிட எயார்போர்ட் வாசல் வரைக்கும் வந்திருக்காங்க. உள்ள வந்ததில்ல. நீங்க தனியாவே வந்து பாத்துட்டுப் போறீங்க. அவங்களையும் ஒருதரம் கூட்டிட்டு வந்து இதெல்லாம் காட்டணும்மா."

நான்கு மணிக்கு அவளே என்னை ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டாள். ஐந்தேகாலுக்கெல்லாம் சாங்கியில் நின்றேன். நேரம் மிச்சமிருந்ததால் 2019இல் திறந்த ஜூவல் கட்டடத்தில் கூரையிலிருந்து 40 மீற்றர் விழும் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிட்டே உள்ளே போனேன்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

எட்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவேளையில் தனியே வெளியே போக வேண்டாம். விமானம் புறப்பட மூன்று மணி நேரத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று மனதில் வைத்து, அதிலிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்கிடுங்கள். சிங்கப்பூர் நேரம் நமது நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. கைக்கடிகாரத்தை இறங்கியவுடன் மாற்றிவிடுங்கள். மூன்று இடங்களுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். காலுக்குப் பழகிய செருப்பு, ஒரு குடை, தண்ணீர்ப் போத்தல், மருந்து, வழி எழுதிய தாள். இவை போதும். கடவுச்சீட்டை உடையோடு சேர்த்த உட்பையில் வையுங்கள்.

அம்மாவுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. "கேற்றடியிலேயே இருங்கோ" என்று சொல்வது அன்பினால்தான். அதனோடு, எந்த ரயில், எந்த நிலையம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். உங்களை வளர்த்து, படிப்பித்து, விமானம் ஏற்றி அனுப்பியவருக்கு ஒரு ரயில் மாறி ஏறுவது பெரிய காரியமல்ல.