முயல் வளர்ப்போர் அறியவேண்டுவன

வீட்டில் வளர்க்கப்பெறும் சிறு பிராணிகளுள் முயலைப்போல் அமைதி வாய்ந்தது பிறிதொன்றில்லை எனலாம். நாய் குரைத்துத் தன் குறையைத் தெரிவிக்கும். பூனை காலைச் சுற்றி வந்து கத்தும். கிளியோ கூண்டே அதிரக் கூவும். முயல் பசித்தாலும் நோயுற்றாலும் வாய் திறவாது. இக்குணம் பற்றியே பலர் அதனை விரும்பி வாங்குகின்றனர். இக்குணம் பற்றியே அது பல இல்லங்களில் வந்த சில வாரங்களுக்குள் மடிந்தும் போகின்றது. செவ்வனே பேணின் 8 முதல் 12 ஆண்டுவரை வாழவல்ல ஓர் உயிர், வளர்ப்போரின் அறியாமையால் இளமையிலேயே மாள்வது இரங்கத்தக்கது. ஆதலின் முயலின் இயல்பையும் அதனைப் பேணும் முறையையும் இங்குச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண், வீட்டு முயல் யாது என்பதை அறிதல் வேண்டும். நம் நாட்டுப் புன்செய்களிலும் புதர்க்காடுகளிலும் ஓடித் திரியும் காட்டு முயல் வேறு. வீட்டு முயல் வேறு. காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறாகும். வீட்டு முயல்களோ ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட குழிமுயலின் வழி வந்தவை. இவை வளை தோண்டிக் கூட்டமாய் வாழும் இயல்பின. இவற்றின் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடியவாறு பிறக்கும். குளிர்ந்த நிலத்தடி வளையும், பலவகைப் புல்லும், தன் இனத்தாரின் துணையும் வேண்டி அமைந்த உடல் இது என்பதை நினைவிற் கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

முயலை எலியினத்தோடு சேர்த்து எண்ணுவது முற்காலத்து வழக்கம். எலிக்கு மேல்தாடையில் 2 வெட்டுப்பற்களே உள. முயலுக்கோ அவற்றின் பின்னே மேலும் 2 சிறு பற்கள் மறைந்திருக்கும். இத்தகைய வேறுபாடுகளைக் கருதி, 1912-இல் முயலினம் தனி வரிசையாகப் பிரித்து வைக்கப்பட்டது. முயலின் பற்கள் 28-ம் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை நெடுநேரம் அரைத்து மெல்வதனால் மட்டுமே அவை தேய்ந்து அளவில் நிற்கும். மெல்லும் வேலை குறையுமாயின் பற்கள் கோணி வளர்ந்து நாவையும் கன்னத்தையும் கிழிக்கும்; முயல் பசித்தும் உண்ண இயலாது வாடும்.

அதன் குடலின் அமைப்பும் வியக்கத்தக்கதே. முயலின் பெருங்குடற்பை மிகப் பெரியது. அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் சத்தைப் பக்குவப்படுத்துகின்றன. அவ்வாறு பக்குவமான பொருள், மென்மையான சிறு திரளாக வெளிவரும்போது, முயல் அதனை உடனே வாயால் எடுத்து மீண்டும் உண்ணும். இதனைக் கண்டு அருவருத்துத் தடுப்போர் உளர். அங்ஙனம் தடுத்தல் கூடாது. புரதமும் பி வகை உயிர்ச்சத்தும் அதற்கு இவ்வழியாற் கிடைக்கின்றன. முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லை. ஆதலின் தகாத உணவு உட்சென்றால் குடல் அசைவற்று நிற்க, வாயு நிறைந்து உயிருக்கு ஆபத்து நேரும்.

இனி உணவைப்பற்றிக் கூறுவோம். முயலுக்குக் காரட்டே உரிய உணவு என்பது படப்புத்தகங்கள் பரப்பிய எண்ணம். எத்துணை எடுத்துரைத்தாலும், தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாரைப்போல், இக்கொள்கையை விடாதார் பலர். காரட்டில் சர்க்கரை மிகுதி. விரலளவு துண்டு எப்போதேனும் ஒருமுறை தின்பண்டமாகத் தருவதே போதும். உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவும் உலர்த்திய புல்லாகவும் இருத்தல் வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல் முதலியவற்றை நிழலில் உலர்த்திப் பூஞ்சணம் பிடியாது சேமித்து, இரவு பகல் எந்நேரமும் முயலின் முன் இருக்குமாறு வைத்தல் நலம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை ஆகியவற்றை நன்கு கழுவி நாள்தோறும் சிறிது தரலாம். குதிரைமசால், முருங்கைக்கீரை போன்றவை குட்டிகளுக்கு ஏற்றவை. வளர்ந்த முயலுக்கு மிகுதியாயின், அவற்றிலுள்ள சுண்ணச்சத்து சிறுநீரில் இறங்கிக் கல்லாகத் திரளக்கூடும். சோறு, ரொட்டி, பிஸ்கோத்து, சாக்லேட் ஆகியன விலக்கத்தக்கவை. அரளியும் எருக்கும் நஞ்சு; அவை வளரும் இடத்தில் முயலை மேயவிடலாகாது.

நம் நாட்டில் முயலுக்குப் பெரும்பகை வெயிலே. அதற்கு வியர்வை இல்லை. உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியே வெளிவிடுகின்றது. 15 முதல் 21 பாகை சென்டிகிரேடு வெப்பமே அதற்கு இன்பமானது. 30 பாகையைக் கடந்தால் துன்புறத் தொடங்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் முயல்கள் செழித்து வளர்வதற்கு அம்மலைக் குளிர்ச்சி பெருந்துணையாகும். சமவெளியில் வாழும் நாம் சித்திரை வைகாசியில் முயலை வீட்டின் குளிர்ந்த அறையில் தரைமீது விடுதலும், ஈரச்சாக்கை அருகே தொங்கவிடுதலும், நீரை உறையவைத்த புட்டியைத் துணியிற் சுற்றிப் பக்கத்தில் வைத்தலும் வேண்டும். தகரக் கூரையின் கீழ் அடைத்தல் கொலைக்கு ஒப்பாகும். எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 50 முதல் 150 மில்லிலிட்டர் நீர் அது பருகுமாதலால், கனமான மண்சட்டியில் தூய நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

கூண்டு, முயல் மூன்று நான்கு தாவல் தாவவும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும் இடந்தருவதாக இருக்கட்டும். அதன் பாதத்தில் நாய் பூனைகட்கு உள்ளது போன்ற மெத்தையில்லை. மயிர் மட்டுமே உண்டு. வெறுங் கம்பிவலைமேல் நிற்கும் முயலுக்குக் குதிகாலிற் புண் உண்டாகும். பலகையிட்டு வைக்கோல் பரப்புதல் வேண்டும். நாய், பூனை, கீரி, பெருச்சாளி, பாம்பு இவை புகாதவாறு நெருங்கிய வலையும் உறுதியான தாழும் தேவை. பகைப்பிராணி தீண்டாவிடினும், அதனைக் கண்ட அச்சத்தினாலேயே முயல் இறப்பதுண்டு. நாள்தோறும் சில மணிநேரம் வெளியே விடும்போது மின்கம்பிகளை மறைத்துவிடுக. கண்டதைக் கடிப்பது அதன் இயல்பு.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கும் கொடிய வழக்கம் ஒழிதல் வேண்டும். ஒரு கையால் மார்பையும் மறு கையால் பின்பகுதியையும் தாங்கி, நம் உடலோடு அணைத்தே எடுக்கவேண்டும். பின்பகுதி தாங்கப்படாத முயல் வலிந்து உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். சிறு குழந்தைகள் தரையில் அமர்ந்து தடவுவதே தக்கது.

8 வாரம் நிரம்பாத குட்டியை வாங்கலாகாது. மூன்று மாதத்திற்குமேல் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடின் குட்டிகள் பெருகும். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே. ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படவும் கூடும். தாய் நாளொன்றுக்கு ஒருமுறை, சில நிமிடமே பாலூட்டும். அது கண்டு தாய் குட்டிகளைக் கைவிட்டதென்று எண்ணி இடர் செய்தல் வேண்டா. கருத்தடைச் சிகிச்சை செய்தால் இப்பெருக்கம் நிற்பதோடு, முதிர்ந்த பெண் முயல்களுக்கு மிகுதியாய் வரும் கருப்பைப் புற்றுநோயும் தடுக்கப்படும்.

பிறவற்றிற்கு இரையாகும் பிராணியாதலின், முயல் தன் நோயை மறைக்கும். ஆகவே அதனைக் கூர்ந்து நோக்குவதே வளர்ப்போரின் தலையாய கடமை. காலையில் புழுக்கைகள் உருண்டு திரண்டு நிறைய உள்ளனவா, நேற்றுப் போல் உண்டதா, மூக்கு ஒழுகுகின்றதா, காதினுள் பொருக்குத் தட்டியுள்ளதா, வால்புறம் தூய்மையாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். மலம் ஒட்டிய மயிரில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுக்கள் தசையைத் துளைக்கும். வாரமொருமுறை தராசில் நிறுத்துக் குறித்துவைத்தல் மிக்க பயன் தரும். 12 மணிநேரம் உணவும் புழுக்கையும் நின்றால், மறுநாள் பார்ப்போம் என்று இராமல் உடனே கால்நடை மருத்துவரை நாடுக. சென்னையில் உள்ளோர்க்கு 1903-இல் தோன்றிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே உளது.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. மனிதர்க்கு நலந்தரும் பென்சிலின், அமாக்சிசிலின் முதலியவற்றை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்கும். நாயின் உண்ணிக்குப் பூசும் பிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சே. வீட்டு அலமாரியிலுள்ள எதனையும் நாமே கொடுத்தல் தகாது.

இவ்வளவும் செய்ய நேரமும் பொறுமையும் உண்டோ என்று வாங்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. கல்லூரி விடுமுறையோடு நம் ஆர்வம் முடியலாம். முயலின் ஆயுளோ அதனோடு முடிவதில்லை. இல்லையென்று விடை வருமாயின், வாங்காதிருத்தலே அவ்வுயிருக்கு நாம் செய்யும் முதல் நன்மை. உண்டென்று வருமாயின், நம் காலடி ஓசை கேட்டதும் ஓடிவந்து கையை முகர்ந்து நிற்கும் அச்சிறு நண்பன் நம் உழைப்பிற்குக் குறைவின்றிக் கைம்மாறு செய்வான்.